தலைமை ஆசிரியர் அறையிலிருந்து ஓர் ஆய்வேடு

பி.எட். வகுப்பில் பாடம் நடத்தக் கற்றுத் தருகிறார்கள். பாடக்குறிப்பு எழுதுவது, கேள்வி கேட்பது, கடைசி பெஞ்சுப் பிள்ளையைக் கவனிப்பது எல்லாம் அங்கே உண்டு. பதினைந்து, இருபது வருடம் அதை வைத்து ஓட்டிய பிறகு பதவி உயர்வு வருகிறது. தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், ஒன்பது மணிக்குள் வந்து நிற்கும் வேலைகளோ வேறு மாதிரி. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு ஏறவில்லை. காலை உணவு சமைக்கும் அம்மா இன்னும் வரவில்லை. கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நேற்றே நின்றுவிட்டது. ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பில், இன்னொருவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். இரண்டு வகுப்புகள் ஆளில்லாமல் கத்திக்கொண்டிருக்கின்றன. வாசலில் ஒரு தகப்பனார் மாற்றுச் சான்றிதழ் கேட்டு நிற்கிறார். “இதையெல்லாம் எங்கே சார் கத்துக்கிட்டீங்க?” என்று எந்தத் தலைமை ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். “பட்டுத்தான்” என்பார்.

பட்டுத் தெரிந்துகொண்டது அவர் ஓய்வுபெறும் நாளில் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து பட வேண்டும். ஒரே ஒன்றியத்தில், ஒரே அளவு ஆளும் பணமும் இருக்க, ஒரு பள்ளி மட்டும் நன்றாக ஓடுவது ஏன்? மேலிடத்தில் எடுக்கும் முடிவு வகுப்பறைக்குள் வந்து சேரும்போது என்னவாகிறது? இப்படிப்பட்ட கேள்விகளை முறையாக விசாரித்து, பிறர் சரிபார்க்கும்படி எழுதிவைக்கிற துறைக்குக் கல்வி நிர்வாகம் என்று பெயர். பின்னாளில் ‘தலைமைத்துவம்’ என்ற சொல்லையும் அதோடு ஒட்டிக்கொண்டார்கள். சம்பளப் பட்டியல், கால அட்டவணை, இருப்புப் பதிவேடு ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருப்பது நிர்வாகம். நல்ல ஆசிரியர் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும், பள்ளி எங்கே போகிறது என்று ஊருக்கு எடுத்துச்சொல்ல முடிவதும் தலைமை. புத்தகத்தில் இரண்டும் தனித்தனி அத்தியாயம். பள்ளியில் இரண்டையும் செய்ய ஒரே ஆள்தான்.

இந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் நிறையப் பேர். யோசிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பட்டத்தின் பெயர். ‘கல்வித் தலைமைத்துவத்தில் முனைவர்’ என்று சான்றிதழில் அச்சாகி வரும் என எதிர்பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் நீங்கள் வாங்கப்போவது கல்வியியலில் பிஎச்.டி.; நிர்வாகம் என்பது உங்கள் ஆய்வுத் தலைப்பில் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா, திருச்சி பாரதிதாசன், சேலம் பெரியார், சிதம்பரம் அண்ணாமலை எனப் பல இடங்களில் கல்வியியல் துறை இருக்கிறது. ஆசிரியர் கல்விக்கென்றே 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் சென்னையில் இருக்கிறது. நிர்வாகத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒன்றுதான் வேண்டும் என்றால் டெல்லிக்குப் போக வேண்டும். தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் அங்கே இருக்கிறது. துறைக்காரர்கள் ‘நீப்பா’ என்பார்கள். 1962-ல் யுனெஸ்கோவின் ஆசிய மண்டலப் பயிற்சி மையமாகத் தொடங்கி, பெயர் பல மாறி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பள்ளித் தலைமைக்கென்று ஒரு தேசிய மையத்தையும் அது நடத்துகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளின் விளம்பரங்களில் ‘எட்.டி.’ என்ற இன்னொரு பட்டம் கண்ணில் படும். அதன் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் குழப்பங்கள் பலவும் அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்தவை. 1920-ல் தொடங்கிய ஹார்வர்டு கல்வியியல் பள்ளிதான் முதலில் எட்.டி. பட்டத்தைத் தந்தது. பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒரு தொழில்முறை முனைவர் பட்டம், ஆராய்ச்சியாளர்களுக்குப் பிஎச்.டி. என்பது எண்ணம். காலப்போக்கில் இரண்டுக்கும் வேறுபாடு மங்கிவிட்டது. எட்.டி. படித்தவரும் பிஎச்.டி. போலவே ஆய்வேடு எழுதினார், கொஞ்சம் சுருக்கமாக. ‘சின்ன பிஎச்.டி.’ என்ற கேலிப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. 2005-ல் ஆர்தர் லெவின், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜுக்குத் தலைவராக இருந்துகொண்டே, பள்ளித் தலைவர்களுக்கு இந்தப் பட்டம் தேவையில்லை, எடுத்துவிடுங்கள் என்று அறிக்கை எழுதினார். கலகம் மூண்டது. எடுத்துவிடாமல் சீர்செய்வோம் என்று 2007-ல் கார்னகி அமைப்பின் ஆதரவில் பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடின. எட்.டி. ஆய்வேடு, எழுதுபவர் தன் பணியிடத்துப் பிரச்சினை ஒன்றைப் பிடித்து, அதைத் தீர்க்க முயன்று பார்த்து எழுதுவதாக இருக்க வேண்டும் என்ற கருத்து அங்கிருந்துதான் பரவியது. பட்டத்தை முதலில் தந்த ஹார்வர்டே பின்னர் எட்.டி.யைக் கைவிட்டுப் பிஎச்.டி.க்கு மாறியது, 2010-ல் பள்ளித் தலைவர்களுக்கென்று மூன்றாண்டுத் தனிப் பட்டம் ஒன்றையும் ஆரம்பித்தது.

எட்.டி. வாங்கியவர்களில் உலகம் அறிந்த பெயர் ஜில் பைடன். 2007-ல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கல்வித் தலைமைத்துவத்தில் பட்டம் பெற்றார். தான் வேலை பார்த்தது போன்ற சமுதாயக் கல்லூரிகளில் சேரும் மாணவர்கள் பாதியில் நின்றுபோகாமல் தக்கவைப்பது எப்படி என்பதுதான் ஆய்வு. கணவர் அதிபர் தேர்தலில் வென்றபோது, இவர் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளலாமா என்று 2020 டிசம்பரில் ஒரு பத்திரிகைக் கட்டுரை சீண்ட, நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்தச் சண்டையில் பட்டத்தைப் பற்றிப் பேசினார்களே தவிர ஆய்வில் என்ன இருக்கிறது என்று பேசியவர்கள் குறைவு. நம் ஊரிலும் ‘முனைவர்’ அடைமொழிக்கு நடக்கும் கதை இதேதான்.

விதிகள்

நம் நாட்டுப் பிஎச்.டி.யை இப்போது ஆள்வது பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள். முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு எடுத்தவர் முதுநிலை இல்லாமலே சேரலாம் என்ற புது வழியும் உண்டு. கல்வியியலுக்கு வருகிறவர்கள் கையில் வழக்கமாக இருப்பது எம்.எட். முன்பு பலர் படியாக மிதித்துவந்த எம்.ஃபில். இந்த விதிமுறைகளோடு நின்றுவிட்டது.

சேர்க்கைக்குத் தேசியத் தகுதித் தேர்வான ‘நெட்’டின் மதிப்பெண் உதவும். இல்லையென்றால் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத்தேர்வு; அதில் பாதிக் கேள்விகள் ஆராய்ச்சி முறையியல், பாதி பாடம். எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்பது கணக்கு. நெட் எழுதுகிறவர்கள் கல்வியியல் பாடத்திட்டத்தின் ஒன்பதாவது அலகைப் பாருங்கள். நிர்வாகமும் தலைமைத்துவமும் அதில்தான் வருகின்றன. படிக்கும்போது ஒரு வேடிக்கை புலப்படும். டெய்லர் இரும்பாலையில் மண்வாரிக்காரர்களை அளந்தவர். டெமிங் தொழிற்சாலையின் தரம் பார்த்தவர். துறையின் அடிப்படைப் பெயர்கள் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலிருந்து வந்தவை. இரும்பாலையின் கணக்கு ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று கேட்பதே ஓர் ஆய்வுக்கான தொடக்கம்.

சேர்ந்த பிறகு கோர்ஸ் வொர்க். குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறை பற்றிய பாடம் அதில் கட்டாயம். 55 விழுக்காடு எடுக்காவிட்டால் மேலே போக முடியாது. ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். டாக்டரல் கமிட்டி என்று இங்கே வாயில் புழங்குவது இந்தக் குழுதான். மொத்தக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு; மறுபதிவு செய்து 2 ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் எழுத்தில் இருக்கிறது. ஆய்வேட்டை நெறியாளரைத் தவிர வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் படித்து ஒப்ப வேண்டும், அதன்பின் வைவா எனும் வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற பழைய நிபந்தனையை மானியக் குழு எடுத்துவிட்டது. ஆனால் தன் அளவில் அதை வைத்துக்கொள்ள விரும்பும் பல்கலைக்கழகங்கள் இருக்கக்கூடும். அந்தந்த இடத்து விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது.

விதிகளைப் பற்றி இவ்வளவு போதும். அவற்றால் யாரும் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. தோற்பது கேள்வியில்.

எதைக் கேட்பது

இத்துறை ஆய்வேடுகளை வரிசையாக எடுத்துப் புரட்டுங்கள். ஒரே அச்சில் வார்த்தவை போலப் பல கைக்கு வரும். ‘இன்ன மாவட்டத்து மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களின் தலைமைப் பாணியும் ஆசிரியர்களின் பணி நிறைவும்’ என்பது போன்ற தலைப்பு. முந்நூறு ஆசிரியர்களுக்கு ஒரு படிவம். ‘முழுமையாக ஏற்கிறேன்’ முதல் ‘முழுமையாக மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். பிறகு ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசு–உதவி பெறும் பள்ளி என்று பிரித்து ஒரு ‘டி’ சோதனை. முடிவில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்ற வாக்கியம் நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை வரும். உழைப்பைக் குறை சொல்லவில்லை. முந்நூறு படிவத்தைத் திரும்ப வாங்குவது என்ன பாடு என்று அலைந்தவருக்குத் தெரியும். ஆனால் படித்து முடித்த பிறகு ஒரு தலைமை ஆசிரியர் நாளைக் காலை வேறு மாதிரி செய்ய அதில் என்ன கிடைக்கிறது?

தலைமைக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004-ல் கென்னத் லெய்த்வுட்டும் அவரது குழுவினரும் வாலஸ் அறக்கட்டளைக்காக அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பள்ளிக்குள் இருக்கும் காரணங்களில் மாணவரின் கற்றலை அதிகம் பாதிப்பது வகுப்பறைக் கற்பித்தல். அதற்கு அடுத்த இடம் தலைமைக்கு என்று எழுதினார்கள். ஆனால் அந்தப் பாதிப்பு நேரடியானதில்லை, ஆசிரியர் வழியாக வருவது. சமையலறையில் நெருப்பைச் சரியாக வைத்தவருக்கும் சாம்பாரின் ருசிக்கும் உள்ள உறவு மாதிரி. அதை ஐந்து கட்டப் படிவத்தில் பிடிப்பது கஷ்டம்.

படிவத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கல்வி நிர்வாக ஆய்வுகளில் பலரும் பயன்படுத்தும் ஒரு கருவி, 1980-களில் பிலிப் ஹாலிங்கர் அமெரிக்கப் பள்ளி முதல்வர்களுக்காக உருவாக்கியது. ஆசிரியர்களின் கற்பித்தலை மேற்பார்வையிட்டு மதிப்பிடுவது அதில் முதல்வரின் முக்கியமான வேலை. மதிப்பிட்ட பிறகு ஏதாவது செய்ய அதிகாரம் வேண்டும்; நம் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்? கலந்தாய்வில் யார் அந்த இடத்தை எடுத்தாரோ அவர் வருகிறார். பிடிக்காவிட்டாலும் பிடித்தாலும் அடுத்த கலந்தாய்வு வரை அவர்தான். அப்படிப்பட்ட அறையில் அமெரிக்கக் கருவியைத் தமிழ்ப்படுத்திக் கொண்டுபோய் வைத்தால், இல்லாத அதிகாரத்தை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பதாக முடியும். கருவியை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மொழிபெயர்ப்பதற்கு முன்னால் அதன் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் எந்த ஊர்ப் பள்ளி நிற்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

மாற்று வழி உண்டா? அமெரிக்காவில் ஹாரி வால்காட் என்ற மானிடவியலாளர் ஒரே ஒரு தொடக்கப் பள்ளி முதல்வரை இரண்டு ஆண்டு நிழலாகத் தொடர்ந்தார். காலையில் பள்ளிக்குள் வருவது, யாரோடு பேசுகிறார், எந்தக் கூட்டத்துக்குப் போகிறார், எந்தச் சின்னச் சச்சரவைத் தீர்க்கிறார் என்று குறித்துக்கொண்டே இருந்தார். 1973-ல் புத்தகமாக வந்தது. நாளின் பெரும்பகுதி ஆட்களோடு பேசுவதிலும் கூட்டங்களிலும் கரைந்துபோவது அதில் தெரிகிறது. பாடத்தைப் பற்றி நிதானமாக யோசிக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். முந்நூறு பேர் இல்லை, ஒரே ஆள். அரை நூற்றாண்டு கழித்தும் இத்துறை மாணவர்களுக்கு அந்தப் புத்தகம் பாடமாக இருக்கிறது. நம் ஒன்றியத்து ஈராசிரியர் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவரின் ஒரு பருவத்தை அப்படி எழுதினால் என்ன வரும் என்று நினைத்துப் பாருங்கள். பாடமும் அவரே எடுக்க வேண்டும், எமிஸும் அவரே ஏற்ற வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலர் கூப்பிட்டால் ஓட வேண்டும்.

ஒரு கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கற்பனையாகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். மாதாமாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 21-வது பிரிவு இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகள் நிறைய. வந்து உட்கார்ந்து பேசியவர்கள் நாலு அம்மாக்கள். நூறு நாள் வேலை இருக்கும் நாளில் அவர்களும் இல்லை. இது எரிச்சல். எரிச்சலை அப்படியே தலைப்பாக வைத்தால் ‘பள்ளி மேலாண்மைக் குழுவின் செயல்திறன் குறித்த ஆய்வு’ என்ற உயிரில்லாத வரி வரும். அதையே கொஞ்சம் நெருக்கிக் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் இந்தக் குழு போட்ட தீர்மானங்களில் எத்தனை நிறைவேறின? நிறைவேறியவை தலைமை ஆசிரியரே செய்யக்கூடியவையா, குழு பணம் திரட்டிச் செய்ததா, மேலிடம் உத்தரவு போட வேண்டியதா? நிறைவேறாதவை எந்த மேசையில் நின்றன? அம்மாக்கள் கொண்டுவந்த தீர்மானங்களுக்கும் மற்றவர் கொண்டுவந்தவைக்கும் வேறுபாடு உண்டா? இப்போது ஆறு பள்ளிகளின் தீர்மானப் புத்தகங்கள், ஓராண்டுக் கூட்டங்களில் நேரில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள், இருபது முப்பது பேரோடு நீண்ட பேச்சு என்று வேலையின் வடிவம் தெரிய ஆரம்பிக்கிறது. ஆறு பள்ளி ஒருவர் கையால் ஆகக்கூடியது. முடிவில் கிடைப்பது ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் மேசையில் வைத்துப் பேசக்கூடியது.

சொந்தப் பள்ளியையே ஆய்வு செய்வதில் ஒரு பொறி இருக்கிறது. ‘எங்கள் தலைமை ஆசிரியர் எங்கள் கருத்தைக் கேட்கிறார்’ என்ற வரிக்கு நேராகத் தலைமை ஆசிரியரே படிவத்தைக் கொடுத்து டிக் போடச் சொன்னால், உங்கள் கீழ் வேலை பார்க்கும் ஆசிரியர் எந்தக் கட்டத்தில் போடுவார்? விடுப்புக் கடிதம் உங்கள் கையெழுத்துக்குத்தான் வர வேண்டும். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னாலும் பதினோரு ஆசிரியர் உள்ள பள்ளியில் கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். அதனால் கேள்வியை உங்கள் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களை உங்களுக்குக் கட்டுப்படாத பள்ளிகளிலிருந்து எடுங்கள். அந்தப் பள்ளிகளுக்குள் போகக் கல்வித் துறையின் எழுத்து அனுமதி வேண்டும், பேசுகிறவர்களின் சம்மதம் வேண்டும், பிள்ளைகளோடு பேசுவதானால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். இதற்கே சில மாதம் போகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைடு, வீடு, வேலை

கேள்வி ஓரளவு தெளிந்த பிறகு நெறியாளரைத் தேடலாம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பல்கலைக்கழகத்தைப் பிடித்து, காலியிருக்கும் கைடைப் பிடித்து, அவர் சொல்லும் தலைப்பைப் பிடிக்கிறார்கள். காலியிடம் குறைவு என்பதும் உண்மைதான். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஐயா, உங்களிடம் இடம் இருக்கிறதா?” இரண்டாவது, நீங்கள் நேரே அவரைக் கேட்க முடியாத கேள்வி, அவரிடம் முடித்தவர்களையும் முடிக்காமல் போனவர்களையும் கேட்க வேண்டியது. எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் படித்துத் தருகிறார்? வீட்டு வேலை வாங்குகிறாரா? கட்டுரையில் யார் பெயரை முதலில் போடுகிறார்? அவர் எழுதிய புத்தகங்களின் எண்ணிக்கையைவிட இந்தப் பதில்கள் பெரிது.

பணியில் இருப்பவர்களுக்குப் பகுதிநேரப் பிஎச்.டி.தான் நடைமுறை வழி. விதிமுறை அதை அனுமதிக்கிறது; ஆனால் வேலை கொடுத்தவரிடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் ஒதுக்கப் பணிச்சுமை இடம் தருகிறது என்ற உறுதி, கோர்ஸ் வொர்க்குக்குத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்பதாக ஒப்புதல் என்று மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர் துறையின் முன் அனுமதி இல்லாமல் சேர்ந்துவிட்டுப் பிறகு பின்தேதியிட்ட அனுமதிக்கு அலைவது பெரும் தலைவலி. விண்ணப்பத்தை அறிவிப்பு வருவதற்கு முன்பே தயார் செய்யுங்கள்.

ஆறு ஆண்டு என்பது சேரும்போது நீளமாகத் தெரியும். பொதுத்தேர்வு மாதங்கள், மாணவர் சேர்க்கை மாதம், தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி என்று கழித்துப் பாருங்கள். பகுதிநேர ஆய்வாளரின் மூலதனம் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே. பெண் தலைமை ஆசிரியைகளுக்கு அதுவும் முழுதாக வாய்ப்பதில்லை. ஞாயிறு சமையலறை மற்ற நாளைவிட அதிக நேரம் எரிகிறது. முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியைகளின் நன்றியுரைப் பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ முதல் வரியில் வந்தால், அது சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஆனால் அது முழுநேர ஆய்வாளருக்கு. வயது வரம்பு 30, சில பிரிவினருக்கும் பெண்களுக்கும் ஐந்தாண்டு தளர்வு. நாற்பத்தைந்து வயதுத் தலைமை ஆசிரியர் தன் கைக்காசில்தான் படிக்க வேண்டும்.

திரும்பக் கிடைப்பது என்ன? அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவோ அதற்கு மேலோ பதவி உயர முனைவர் பட்டம் தகுதி நிபந்தனை இல்லை. கூடுதல் கல்வித் தகுதிக்காகத் தந்துவந்த முன்கூட்டிய ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020-ல் நிறுத்திவிட்டது. கல்லூரியில் உதவிப் பேராசிரியராக நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும் என்று மானியக் குழு 2023 ஜூலை முதல் ஆக்கிவிட்டது. முனைவர் பட்டம் கட்டாயமாகத் தேவைப்படும் இடங்களில் ஒன்று பி.எட். கல்லூரி முதல்வர் பதவி: முதுநிலைப் பட்டம், எம்.எட்., பிஎச்.டி., எட்டாண்டு ஆசிரியர் கல்வி அனுபவம் ஆகியவற்றைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கேட்கிறது. கல்வி நிர்வாகத்தில் பட்டமோ பட்டயமோ இருப்பது விரும்பத்தக்கது என்றும் அதே விதி சொல்கிறது. சம்பளத்துக்காக இந்தப் படிப்புக்கு வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

பள்ளியை இன்னும் நன்றாக நடத்தக் கற்றுக்கொண்டால் போதும் என்றிருப்பவருக்கு முனைவர் பட்டம் சுற்றுவழி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கல்வி மேலாண்மை, நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. நீப்பாவும் பள்ளித் தலைமை, கல்வித் திட்டமிடலில் பட்டயங்கள் நடத்துகிறது. ஓராண்டில் முடிந்துவிடும், அன்றாட வேலைக்கு உடனே பயன்படும். அதற்குமேல் ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் அப்போது பிஎச்.டி.க்கு வாருங்கள்.

குறுக்குவழிகள்

தொலைநிலையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. படிக்க நம் விதிமுறைகளில் இடமில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி எட்டெக் நிறுவனங்கள் நடத்தும் இணையவழி முனைவர் படிப்புகள் செல்லாது என்று மானியக் குழு 2022 அக்டோபரில் பொது அறிவிப்பே கொடுத்தது. பிஎச்.டி. விதிகளைப் பின்பற்றவில்லை என்று ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்களை 2025 ஜனவரியில் ஐந்தாண்டுக்கு முனைவர் படிப்பில் யாரையும் சேர்க்கக் கூடாது என்று தடை செய்தது. ஹோட்டல் ஹாலில் கவுன் மாட்டி, மேடையேற்றி, மறுநாள் பேப்பரில் படம் போட வைக்கிற ‘கௌரவ டாக்டர்’ விழாக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே பட்டம் தரும் உரிமை என்று 1956-ன் மானியக் குழுச் சட்டமே சொல்லியிருக்கிறது.

‘தீசிஸ் டைப்பிங்’ என்ற பலகைக்குப் பின்னால் ஆய்வேட்டையே எழுதித் தரும் கடைகள் இன்னொரு குறுக்குவழி. 2018-ன் எழுத்துத் திருட்டு விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு ஆய்வேடு கொடுக்க முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. மென்பொருளை ஏமாற்றினாலும் வைவாவில் சிக்கல் வரும். “இந்த ஆறு பள்ளிகளை ஏன் எடுத்தீர்கள்?” என்று தேர்வாளர் சாதாரணமாகக் கேட்பார். அந்தப் பள்ளிகளின் வாசற்படியை மிதித்தவருக்கு மட்டுமே அதற்குப் பதில் தெரியும்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைக் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் ‘சோத்கங்கா’ என்ற இணையதளத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. படிக்கக் காசு கேட்பதில்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தேர்ந்து, கல்வியியல் துறைக்குள் போய், தலைமை ஆசிரியர் பற்றிய ஆய்வேடுகளில் மூன்றைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். படித்து முடிக்கும்போது, ‘இவர் கேட்காமல் விட்ட ஒன்று என் பள்ளியில் இருக்கிறதே’ என்று தோன்றினால் அதை ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெறியாளரைப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டுபோக வேண்டியது அந்தத் தாள்.